இரண்டாம் இலக்க ஜேர்சி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தென்னாபிரிக்க றக்பி அணியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் றக்பிக்கு அரைப் பக்கம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதிலிருந்த ஒரு கருத்து இரண்டு நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் உலகச் சிறந்த வீரராகத் தெரிவான மல்கம் மார்க்ஸை 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மாற்று வீரராக வாங்கிலில் உட்கார வைத்தது அவருக்குச் செய்த அவமதிப்பு, 2027இல் அவுஸ்திரேலியாவில் அப்படி நடக்கக்கூடாது, சிறந்த ஹூக்கர்தான் எப்போதும் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

நான் பாடசாலைக் காலத்தில் நாலு வருடம் ஹூக்கராக ஆடியவன். அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஹூக்கர் என்றால் யார் என்பதை, றக்பி பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து நின்று, தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது ஸ்க்ரம். அதைப் பிடிக்கும்போது முன்வரிசையின் நடுவில், இரண்டாம் இலக்க ஜேர்சியோடு நிற்பவர்தான் ஹூக்கர். இரண்டு பக்கமும் இரண்டு ப்ரொப். அவர்கள் இருவரின் தோளுக்கு மேலாலும் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்திருப்பதால் அவருடைய இரண்டு கையும் பூட்டுப்பட்டிருக்கும். முன்னால் எதிரணியின் எட்டுப் பேர், பின்னால் சொந்த அணியின் பாரம். சர்வதேச மட்டத்தில் ஒரு பக்கத்தின் எட்டுப் பேரும் சேர்ந்து 900 கிலோவுக்குக் கிட்ட வருவார்கள். அந்த நெரிசலுக்குள் ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்து, உள்ளே வரும் பந்தைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். கழுத்து பலமில்லாதவனை அந்த இடத்தில் நிற்கவிடுவது ஆபத்து. அதனால்தான் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற மாற்று வீரர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது பாதி வேலை. மற்றப் பாதி லைன்அவுட். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால், இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவால் நேராகப் பந்தை எறிபவரும் அநேகமாக எல்லா அணியிலும் இதே ஹூக்கர்தான். ஸ்க்ரமில் கழுத்து நெரிபட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அதே ஆள், அரை நிமிடத்துக்குள் கோட்டுக்கு ஓடி வந்து, பந்தின் தையலில் விரலைப் பதித்து, தலைக்கு மேலே தூக்கி, பத்து மீற்றர் தள்ளி எழும்பும் ஒருவனின் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் போட வேண்டும். இப்போது எழும்புகிறவரை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவர் உச்சியில் நிற்கும் நேரம் ஒரு கண் இமைப்புதான். பந்து அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் எதிரணிக்காரன் கையில், கொஞ்சம் சரிந்தால் நடுவரின் விசில். பிழை நடந்தால் மைதானத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது ஹூக்கரை மட்டும்தான்.

எழும்புகிறவன் பிந்தினாலும் அப்படித்தான். அது அந்த இடத்தோடு வருவது.

இனி என் கதைக்கு வருகிறேன். கட்டுரையாளரோடு நான் ஏன் உடன்படவில்லை என்பதற்கு இது தேவை.

1985. எங்கள் பாடசாலை அணியில் நான்தான் ஹூக்கர். எனக்கு அடுத்ததாக, ஒரு வகுப்புக் கீழே படித்த ஒரு பையன் இருந்தான். வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து படித்தவன். பயிற்சி முடிந்து நாங்கள் எல்லாரும் தேநீர் குடிக்கப் போன பிறகும் அவன் மட்டும் மைதானத்து மூலையில் நிற்பான். மரக்கிளையில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள்ளால் பந்து போகும்படி எறிந்துகொண்டே இருப்பான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை எறிவான். டயர் காற்றில் ஆடும்போதும் அவன் எறிவது உள்ளே போகும். நான் அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடத்து முக்கியமான ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னே, பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து என் வலது தோள் தரையில் அடிபட்டது. கையைக் காது உயரத்துக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். நான் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் அம்மா தைலம் போட்டு உருவிவிடுவார். "சொல்லிவிடு" என்றார். சொல்லவில்லை. அக்காலத்தில் காயம் பட்டால் மட்டும்தான் மாற்று வீரரை இறக்கலாம். தொடங்கினால் கடைசிவரை நீ. தொடங்காவிட்டால் அன்று முழுக்க நீ யாருமில்லை. அந்தப் பதினைந்து பேரில் ஒருவனாக இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த மரியாதை.

ஆட்டத்தன்று மழை. அப்போது தோல் பந்து. நனைந்தால் கல்லு மாதிரிக் கனக்கும். இடைவேளைவரை இரண்டு பெனல்டியால் 6-3 என்று முன்னுக்கு இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு என் எறிகள் ஒவ்வொன்றாகக் குறுகத் தொடங்கின. கடைசி எறி எங்கள் கோட்டிலிருந்து ஐந்து மீற்றரில். எங்கள் உயரமான பையன் சரியாகத்தான் எழும்பினான். பந்து அவனுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. எதிரணியின் லொக், ஸ்க்ரமில் இரண்டாம் வரிசையில் நிற்பவன், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கோட்டுக்கு மேலே விழுந்தான். அப்படிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. அப்போது ஒரு ட்ரைக்கு நாலு புள்ளி. 7-6.

மறுநாள் காலை பாடசாலையில் அந்தப் பையன் என்னிடம் வந்தான். "அண்ணே, தோள் இன்னும் நோகுதா?" என்று கேட்டான். ஆட்டத்துக்கு முன்னே உடம்பைச் சூடாக்கும்போதே நான் கையைத் தூக்கும் விதத்தில் கண்டுபிடித்திருக்கிறான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால், ஜேர்சிக்கு ஆசைப்பட்டுச் சொன்னதாக நினைப்பார்களே என்றான்.

நாற்பது வருடம் கழிந்துவிட்டது. வாங்கிலில் இருப்பது அவமதிப்பு என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் கேட்கிறது. அந்த எண்ணம்தான் என்னை அன்று வாய் திறக்கவிடாமல் செய்தது.

அது எங்கள் தலைமுறையின் எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. 1987இல் முதலாவது உலகக் கிண்ணம். நியூஸிலாந்துத் தலைவர் அண்டி டோல்டன் ஒரு ஹூக்கர். போட்டி தொடங்குமுன் பயிற்சியில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அவர் இடத்துக்கு ஷோன் ஃபிட்ஸ்பற்றிக் வந்தார். டோல்டன் பிறகு தேறினாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கிண்ணத்தை வாங்கியவர் டேவிட் கேர்க். ஃபிட்ஸ்பற்றிக் அதற்குப் பிறகு 1997வரை அசையவேயில்லை. 92 டெஸ்ட் (முழுச் சர்வதேச) ஆட்டங்கள், அதில் 63 ஆட்டங்கள் இடைவிடாமல். அவருக்குப் பின்னால் காத்திருந்த வொறன் கட்லண்ட், பிற்பாடு வேல்ஸ் அணியைப் பயிற்றுவித்தாரே அவரேதான், நியூஸிலாந்துக்காக 17 ஆட்டம் ஆடியும் அதில் ஒன்றுகூட டெஸ்ட் இல்லை. அந்தக் காலத்தில் தொடங்கும் ஹூக்கர்தான் ஹூக்கர். மற்றவர் பயணப் பையோடு வந்துபோனவர்.

1996இல் விதி மாறியது. காயமில்லாவிட்டாலும் ஆளை மாற்றலாம் என்றானது. அதோடு இந்த இடத்தின் கணக்கே மாறிவிட்டது. இன்று எந்தப் பெரிய அணியிலும் ஹூக்கர் ஒருவர் 80 நிமிடமும் ஆடுவது அபூர்வம். ஐம்பது, ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். ஆகவே தேசிய அணிக்கு ஹூக்கர் எடுப்பது என்றால் ஒரு சோடியை எடுப்பது. முதலில் அந்த இரண்டு பேரையும் சரியாக எடுங்கள். யார் தொடங்குவது என்பதைக் கடைசியில் பாருங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தென்னாபிரிக்கா ஆடிய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

2011. தலைவர் ஜோன் ஸ்மிட். 2007இல் கிண்ணம் வென்று கொடுத்தவர், 111 டெஸ்ட் ஆடியவர், அவர்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சமில்லை. ஆனால் அப்போது அவரைவிட நல்ல ஹூக்கர் பிஸ்மார்க் டு ப்ளெஸி என்பது அந்த நாட்டில் பலருக்கும் தெரிந்த விஷயம். 2009இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் வந்தபோது, டு ப்ளெஸிக்கு ஹூக்கர் இடத்தைக் கொடுப்பதற்காகவே தலைவரை ப்ரொப் இடத்துக்கு மாற்றி ஆடவைத்தார்கள். தொடரையும் 2-1 என வென்றார்கள். ஆனால் 2011 காலிறுதியில் ஸ்மிட் தொடங்கினார், டு ப்ளெஸி வாங்கிலில். அவுஸ்திரேலியாவின் டேவிட் போகொக் தரையில் விழுந்த பந்தையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஈடுகொடுக்கக்கூடிய ப்ரூஸோ தொடக்கத்திலேயே காயப்பட்டு வெளியேறிவிட்டார். விழுந்த பந்தை எடுப்பதில் டு ப்ளெஸியும் பெரிய ஆள். அவர் இடைவேளைக்குப் பிறகுதான் வந்தார். 11-9 என்று தோற்றார்கள். நடுவரைப் பற்றிய சண்டை இன்றைக்கும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. தலைவர் பதவியை வைத்து இரண்டாம் இலக்கத்தைத் தீர்மானித்ததுதான் எனக்குப் பிழையாகப் படுகிறது. இந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகிறேன்.

2019 அப்படியில்லை. பயிற்றுவிப்பாளர் ராஸி எராஸ்மஸ் பொங்கி ம்போனாம்பியைத் தொடங்கவிட்டு, மார்க்ஸைப் பிற்பகுதிக்கு வைத்துக்கொண்டார். மார்க்ஸ் குறைந்தவர் என்றா? இல்லை. எதிரணியின் கால் தளரும் நேரத்தில், களைப்பில்லாத கையோடும் கழுத்தோடும் அவரை இறக்கினால் தாங்கமாட்டார்கள் என்ற கணக்கு. ம்போனாம்பி அமைதியாக எறிபவர், ஸ்க்ரமில் உறுதியானவர், ஆட்டத்தை நேராகத் தொடங்கிவைப்பவர். அன்று யொக்கொஹாமாவில் நடந்ததைப் பாருங்கள். இருபத்தோராவது நிமிடமளவில் ம்போனாம்பி தலையில் அடிபட்டு வெளியேறினார். திட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே மார்க்ஸ் உள்ளே வர வேண்டியதாயிற்று. ஒன்றும் குலையவில்லை. இங்கிலாந்தின் ஸ்க்ரமைத் தள்ளிக்கொண்டே போய்ப் பெனல்டிக்கு மேல் பெனல்டி எடுத்தார்கள். 32-12. அந்த ஆட்டத்தில் மார்க்ஸ் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆடியிருக்கிறார். இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?

அப்புறம் 2023. இதைத்தான் தேர்வாளர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

போட்டி தொடங்கி முதல் ஆட்டம் முடிந்த கையோடு மார்க்ஸுக்குப் பயிற்சியில் முழங்கால் போனது. அவர் இடத்துக்கு அவர்கள் இன்னொரு ஹூக்கரை அழைக்கவில்லை. ஹன்ட்ரே பொலார்ட்டை அழைத்தார்கள். உதைப்பதில் கெட்டிக்காரர், ஆனால் ஸ்க்ரமில் சேராத பின்வரிசை ஆட்டக்காரர். அதன் பிறகு அணியில் முழுநேர ஹூக்கர் ம்போனாம்பி ஒருவர்தான். துணைக்கு டியோன் ஃபூரி. ஃபூரி முன்பு ஹூக்கராக ஆடியவர்தான், ஆனால் பிரான்சுக்குப் போன பிறகு ப்ளாங்கராக, அதாவது ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்பவராக, மாறிவிட்டார். 35 வயதில் தேசிய அணிக்குள் வந்து, 37 வயதில் உலகக் கிண்ணத்தில் நிற்கிறார்.

இறுதியாட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30க்கு. பாரிஸில் மழைத் தூறல். நான் வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் நியூஸிலாந்தின் ஃபிரிசல் பாரமாக ம்போனாம்பியின் காலுக்கு மேலே விழுந்தார். ம்போனாம்பி எழும்பப் பார்த்தார், முடியவில்லை. ஃபூரி உள்ளே ஓடி வந்தார். நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இன்னும் எழுபத்தேழு நிமிடம். ஈரப் பந்து. எதிரில் நியூஸிலாந்து. அந்த மனிதருக்குப் பின்னால் வாங்கிலில் வேறு ஹூக்கர் இல்லை.

அவருடைய முதல் லைன்அவுட்டின்போது நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவருடைய விரலைத்தான் பார்த்தேன். சில எறிகள் பிசகின. ஒவ்வொன்றும் பிசகும்போது என் வலது தோளில் அந்தப் பழைய நோவு திரும்பவும் எழும்பியது என்றால் நம்புங்கள். ஆனால் அவர் உடையவில்லை. ஸ்க்ரமில் நின்றார், தடுத்தார், விழுந்து எழும்பித் திரும்பவும் கோட்டுக்குப் போய் எறிந்தார். 12-11 என்று தென்னாபிரிக்கா வென்றது. பன்னிரண்டு புள்ளியும் பொலார்ட்டின் காலால் வந்தவை. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 16-15 என்று காப்பாற்றிய கடைசி நேர உதையும் அவருடையதுதான். ஆகவே பொலார்ட்டை அழைத்தது சரியென்று சொல்பவர்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, இறுதி 12-11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி. ஃபூரியின் ஒரு எறி அன்று தன் கோட்டிலிருந்து ஐந்து மீற்றரில் குறுகியிருந்தால்? அவருக்கும் ஏதாவது நடந்திருந்தால்? 2019, 2023 இரண்டு இறுதியிலும் தொடங்கிய ஹூக்கர் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை என்பதை யாராவது கவனித்தார்களா? இரண்டு தரமும் அதே ம்போனாம்பி. 2019இல் அவருக்குப் பின்னால் மார்க்ஸ் இருந்தார், மூச்சு விடாமல் ஆட்டம் தொடர்ந்தது. 2023இல் ஒரு ப்ளாங்கர் தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். ஃபூரியை நான் கும்பிடுகிறேன். ஆனால் 37 வயது மனிதர் ஒருவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய முடிவைக் கும்பிட எனக்கு மனம் வரவில்லை.

2027 போட்டி ஒக்டோபரில் தொடங்கும். அப்போது மார்க்ஸுக்கு 33 வயது. அவர்தான் தொடங்க வேண்டும் என்றால் தொடங்கட்டும், இன்றைக்கு அவரளவுக்கு வேறு ஹூக்கர் உலகத்தில் இல்லை என்பதே என் எண்ணமும். ஆனால் அவருக்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் எறியப்போவது யார், அவரும் விழுந்தால் மூன்றாவது யார் என்பதற்குப் பதில் இல்லாமல் ராஸி விமானம் ஏறக்கூடாது. அந்த மூன்று பேரையும் அறுபதாவது நிமிடத்துக் களைப்போடும் நனைந்த பந்தோடும் எறியவைத்துப் பார்த்து எடுக்க வேண்டும். மைதானத்தில் ஓடுவது, விழுந்த பந்தைப் பறிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. எறி இல்லாத ஹூக்கரின் ஓட்டத்தைப் பார்க்கப் பந்து கையில் இருக்காதே.

நம் இலங்கை அணியைத் தேர்வு செய்பவர்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். ப்றட்பி கேடயப் பாடசாலை ஆட்டத்துக்குப் போனாலும் கண்டி நித்தவெலை மைதானத்துக்குப் போனாலும் நம் சனம் கை தட்டுவது ஓரத்தில் ஓடுகிறவனுக்குத்தான். ஓடட்டும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தேர்வுக் குழுவில் ஒருவராவது ஆட்டம் முழுக்க ஹூக்கரை மட்டும் பார்க்க வேண்டும். எத்தனை எறி நேராகப் போனது, எத்தனை குறுகியது, எந்த நிமிடத்தில் குறுகத் தொடங்கியது என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கையைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் தானாகச் சொல்லமாட்டான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உலகக் கிண்ண ஆட்டங்களுக்கு அணிப் பட்டியல் போடும்போது பதினைந்து பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். இடம் போதாது என்று தெரியும். இருந்தாலும் 16ஆம் இலக்கத்தையாவது சேர்த்துப் போடுங்கள். அதுதான் மாற்று ஹூக்கரின் இலக்கம். 2023 இறுதியில் ஃபூரி போட்டிருந்த இலக்கமும் அதுதான். 1985இல் எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் பதினைந்து பெயர்களைத்தான் ஒட்டியிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஹூக்கர்,
கட்டுகஸ்தோட்டை.